பனி தேசத்துக்கு அளவு ஜாக்கெட்

எனக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரியும் என்பது என் அம்மா சொன்ன பொய். பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சொன்னது. தாம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் பையன் வீட்டார் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பையனின் அம்மா என்னை உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு இன்னா இன்னா தெர்யும்?" என்று கேட்டார். "நல்லா சமைப்பா, கோயில்ல பாட்டெல்லாம் பாடுவா" என்று சொன்னதோடு அம்மா நிறுத்தியிருக்கலாம். எதிரே முகம் மலரவில்லை. அம்மாவின் கண் டீப்பாய் மேல் கிடந்த கம்பளி விரிப்பில் போய் நின்றது. அது சர்ச் விற்பனையில் வாங்கியது. "இதெல்லாம் இவ கைவேலைதான். ஸ்வெட்டரே பின்னுவா" என்றார்.

மெட்ராஸில் ஸ்வெட்டர் பின்னத் தெரியும் என்று சொல்வது ஒட்டகம் ஓட்டத் தெரியும் என்று சொல்வது மாதிரி. எங்கே ஓட்டிக் காட்டு என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அம்மா சொன்னார்.

பையன் வீட்டாரும் சும்மா இருக்கவில்லை. "பம்மல்ல எங்களுக்கு சொந்த வூடு. பின்னாடியே கெணறு கீது. தண்ணி அப்டியே கல்கண்டு. அக்கம்பக்கத்துல அல்லாரும் வந்து மொண்டுகினு போறாங்க" என்றார் அந்த அம்மா. பம்மலில் தோல் பதனிடும் இடங்கள் இருக்கும்போது கிணறு எப்படிக் கல்கண்டாக இருக்கும் என்று என் அப்பா யோசித்திருக்க வேண்டும். அவர் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி வந்த முதல் நாள் அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்தேன். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. அதோடு ஏதோ ஒரு வாடை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ரசத்துக்கு உப்பே போட வேண்டாம். அக்கம்பக்கத்தில் ஒருவரும் மொண்டுகொண்டு போகவில்லை. நான்தான் இரண்டு தெரு தள்ளிக் குழாயடிக்குப் போய் வரிசையில் நின்று, நாலு பிளாஸ்டிக் குடம் சுமந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் 'கல்கண்டு எங்கே அத்தை' என்று கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் 'ஸ்வெட்டர் எங்கே' என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்வேன். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அந்த டிசம்பரில் எங்கோ ஒரு பனி தேசத்தில் பூமி அதிர்ந்தது. எண்பதுகளின் கடைசி அது. தெருவில் டீவி இருந்த வீட்டில் எல்லாரும் போய் உட்கார்ந்து செய்தி பார்த்தோம். ஊர் ஊராக வீடுகள் பொத்துப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டிருந்தன. அந்த நாட்டின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அதைப் பனி தேசம் என்றே சொன்னோம். கிறிஸ்மஸ் ஆராதனையில் போதகரும் இரண்டு முறை பெயரைச் சொல்லிப் பார்த்து, இரண்டு தடவையும் வேறு வேறு மாதிரி வந்ததால், "அந்த ஜனங்கள்" என்று மாற்றிக்கொண்டார்.

எங்கள் சபைக்கு மேலே இருந்தவர்கள் எல்லாச் சபைகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். பிழைத்தவர்கள் கூடாரத்தில் இருக்கிறார்கள், வீடு கட்டி முடிய வருஷக்கணக்காகும், அடுத்த குளிருக்குள் கம்பளி உடைகள் வேண்டும் என்று எழுதியிருந்தது. சர்ச் வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைத்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதைத் திறந்தபோது இரண்டு குரங்குக் குல்லா, ஒரு வாட்ச்மேனின் காக்கிக் கோட்டு, நைந்த ஜமக்காளம், ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை ஆகியவை இருந்தன. பம்மலில் வேறு என்ன இருக்கும்? வருஷத்தில் பத்து மாதம் விசிறிக்கொண்டு கிடக்கிற ஜனம் நாங்கள்.

போதகர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாமே பின்னிக் குடுத்தா என்ன? மாதர் சங்கத்துல யாருக்காவது பின்னத் தெரியுமா?" என்று கேட்டார்.

என் அத்தைதான் மாதர் சங்கத்து செக்ரட்டரி. நல்ல கனத்த உடம்பு, கணீரென்ற குரல். மைக் வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார். அன்றைக்கும் எழுந்து நின்று, "எங்க வூட்லயே ஆளு கீது ஐயா. நம்ம மருமக அல்லாருக்கும் கத்துக் குடுக்கும்" என்றார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் வகுப்பு. எனக்கு ஆறு நாள் இருந்தது.

பின்னத் தெரிந்த ஒரே ஜீவன் என் பெரியப்பா. அம்மாவின் அக்கா புருஷன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பொழிச்சலூரில் மனைக்கட்டு வாங்கிக் குடியிருந்தார். மீசை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருக்கும். ஏதோ மலை உச்சியில் பனியில் மாட்டிக்கொண்ட ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்ய வேலையில்லாமல் பின்னக் கற்றுக்கொண்டாராம். அவரைப் பார்க்க நான் தினமும் போக வேண்டும். அத்தையிடம் காரணம் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்யில் பிறந்த வேலைக்கு இன்னொரு பொய் என்ன கேடு.

பெரியப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார். "இதுல என்னம்மா இருக்கு. இங்க குத்து, சுத்து, இழு, தள்ளு. அவ்வளவுதான்." மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் அவர் வீட்டு மொட்டை மாடியை உரசுகிற மாதிரிதான் போகும். ஒவ்வொரு விமானத்துக்கும் அவர் தலை தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் குனிந்தால் எண்ணிக்கை தப்பியிருக்கும். மறுபடி ஒன்றிலிருந்து. ஐந்து நாளில் எனக்கும் கை வந்துவிட்டது. ஆனால் ஐந்தாவது நாள்தான் ஒரு விஷயம் தெரிந்தது.

"பெரியப்பா, கழுத்து எப்படி வளைக்கிறது? கை எப்படிச் சேர்க்கிறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் மஃப்ளர் மட்டும்தான் பின்னுவேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு முழு குளிர்காலம் மலை உச்சியில் உட்கார்ந்தவருக்கு ஒரு கழுத்து வளைக்கத் தோன்றவில்லையே என்று கத்தினேன். "எங்க எல்லாருக்கும் கழுத்துலதாம்மா குளிரிச்சு" என்றார்.

இதற்குள் அத்தை வேறொரு காரியம் செய்திருந்தார். பெரியப்பாவின் சுகவீனத்தைச் சபையின் ஜெபக் குறிப்பில் சேர்த்துவிட்டார். போதகர் ஒரு பாக்கெட் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பொழிச்சலூருக்குப் போய்விட்டார். பெரியப்பா கிணற்றடியில் கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தாராம். கேட்டுக்கு வெளியே வெள்ளை அங்கியைக் கண்டதும், நான் சொல்லிவைத்திருந்த பொய் ஞாபகம் வந்து, பட்டாளத்துக்காரர் புத்தி வேலை செய்திருக்கிறது. கட்டையைப் போட்டுவிட்டுக் கட்டிலில் பாய்ந்து போர்த்திக்கொண்டு முனகினார். வேர்த்து ஊற்றுவதைப் பார்த்து, காய்ச்சல் விடுகிறது என்று போதகர் மிகவும் சந்தோஷப்பட்டுத் திரும்பினார். அடுத்த ஞாயிறு சபையில் அதற்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் தலையே நிமிரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான் முதல் வகுப்பு. சர்ச்சின் பக்கத்து ஹாலில் முப்பத்தேழு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பாரிமுனையில் ஒரு கடைக்காரரிடம் என் வீட்டுக்காரர் போய் மொத்தமாக உல்லன் நூல் வாங்கி வந்திருந்தார். மெட்ராஸில் வருஷக்கணக்காக விற்காமல் கிடந்த நிறங்களையெல்லாம் அந்த மனிதர் இவர் தலையில் கட்டிவிட்டார். கனகாம்பர நிறம், கிளிப் பச்சை, ரோஸ் பவுடர் நிறம். சுவரில் அத்தை பேப்பரில் வந்த ஒரு படத்தை வெட்டி ஒட்டியிருந்தார். இடிந்த சுவரின் மேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. இதுவரை என் மானம் போகுமே என்று மட்டும்தான் பயந்திருந்தேன். இப்போது, நான் சொன்ன பொய்யை நம்பி அந்தப் பெண்பிள்ளை குளிரில் நடுங்கப் போகிறாளே என்றும் பயம் வந்தது.

நேராகப் பின்னுவதை மட்டும் முதல் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தேன். நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு வாரமும் நினைத்தேன். அத்தை ஒவ்வொருவரிடமும் "என் மருமக கையப் பாரு, இன்னா வேகமாப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது வாரம், கணக்கு டீச்சராக இருந்த ஒரு அக்கா கேட்டே விட்டார்.

"அளவு எப்படிம்மா? எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம்?"

அந்த நிமிஷத்தில் என் மூளையில் உதித்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பும் வெட்கமும் வருகிறது. நமக்குத் தெரிந்த தையல் ஒன்றே ஒன்றுதான். டெய்லரிடம் துணி கொடுக்கும்போது ஒரு அளவு ஜாக்கெட்டும் கொடுப்போம். அவர் அதைப் பார்த்து வெட்டித் தைத்துவிடுவார். முன்பக்கம் இரண்டு துண்டு, முதுகு ஒரு துண்டு, கை இரண்டு. துண்டு துண்டாகப் பின்னிச் சேர்த்துத் தைத்துவிட்டால் வளைப்பதெல்லாம் வேண்டாமே.

"அடுத்த வாரம் எல்லாரும் ஆளுக்கு ஒரு அளவு ஜாக்கெட் கொண்டு வாங்க" என்றேன்.

கொண்டு வந்தார்கள். ஹால் தரை முழுக்கப் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் முப்பத்தேழு ஜாக்கெட்டுகளைப் பரப்பி, பென்சிலால் கோடு போட்டு வெட்டினோம். ஏதோ கேட்க வந்த போதகர் கதவைத் திறந்தார். தரையைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனவர், அந்தப் பக்கமே அப்புறம் வரவில்லை. வந்திருந்தால் ஸ்வெட்டருக்கு ஜாக்கெட் எதற்கு என்று அப்போதே கேட்டிருப்பாரோ என்னவோ.

கணக்கு டீச்சர் அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏம்மா, இது இத்தோட நின்னுடுமே. இடுப்புக்குக் குளிராதா?"

நான் பென்சிலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அத்தை சொன்னார், "இன்னாத்துக்குக் குளிருது? ஏத்திக் கட்டுவாங்க."

"எதை ஏத்திக் கட்டுவாங்க? அங்க புடவை ஏது?"

"அல்லா ஊர்லயும் எதனா ஒண்ணு சுத்தத்தான் செய்வாங்க. என் மருமக தெரியாமயா சொல்லும்."

பேச்சு அதோடு முடிந்தது. வெளிநாட்டு ஜனம் வாட்டசாட்டமாக இருப்பார்கள் என்று எல்லாருமாகக் கலந்து பேசி, மார்பில் இரண்டு விரல் கூட விட்டோம். நீளத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை.

பிப்ரவரி போய் மார்ச் வந்தது. வெயில் ஏறிவிட்டது. மடியில் உல்லன் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னினால் பூனையைக் கட்டிப்போட்ட மாதிரி வேகும். உள்ளங்கை வேர்த்து நூல் ஒட்டும். கரண்டு போனால் ஹாலே அடுப்பாகிவிடும். ஒருத்தரும் வராமல் நிற்கவில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு வேலையையெல்லாம் முடித்துவிட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்கு டாண் என்று வந்து, சுவரில் இருந்த அந்தப் படத்துக்கு நேராக நின்று ஒரு நிமிஷம் ஜெபம் செய்துவிட்டு உட்காருவார்கள். "கர்த்தாவே, அந்தப் பொம்பள எப்டி கீதோ, பாத்துக்க" என்பதுதான் அத்தையின் ஜெபம் முழுக்க.

ஈஸ்டருக்குள் முப்பத்தேழும் முடிந்தது. கொக்கிகூட வைத்துத் தைத்தாயிற்று. அத்தையின் அளவில் பின்னியது கனகாம்பர நிறம். அதை மடித்து வைக்கும்போது நான் என் மேல் வைத்துப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே என் புடவையும் வயிறும் தெரிந்தது. அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கு முறுக்கிய மீசையோடு என் பெரியப்பா எங்கள் சர்ச்சுக்கு வந்தார். மாதர் சங்கமே அவரைச் சூழ்ந்துகொண்டு, எப்படிப்பட்ட படுக்கையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார் என்று கண்கலங்கியது. அவர் என்னைப் பார்த்து முறைத்தார். ஆனால் கொடுத்த ஆரஞ்சுப் பழங்களை வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை, எல்லாச் சபைகளிலிருந்தும் உடைகளைச் சேகரித்து மூட்டை கட்டுகிற ஒரு அம்மா வந்தார். ஊட்டியில் இருபது வருஷம் ஹாஸ்டல் நடத்தியவராம். மூக்குக் கண்ணாடி, வெள்ளைப் புடவை, அதிர்ந்து பேசாத மனுஷி. மேசையின் மேல் நிறம் நிறமாக அடுக்கி வைத்திருந்தோம். மேலே இருந்ததை எடுத்து உதறினார். அது அத்தையுடைய கனகாம்பரம். தோளில் வைத்துப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று.

"இது என்னது?" என்று கேட்டார்.

"ஸ்வெட்டர்" என்றோம் முப்பத்தேழு பேரும்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "ரொம்பக் கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க. ஆனா அங்க முட்டி அளவு பனி. இதைப் போட்டா வயிறு முழுக்கத் திறந்துகெடக்குமே" என்றார். அப்புறம் மெதுவாக, "யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

யாரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அத்தை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நீ ஏதாவது சொல்வாய், சரியாகத்தான் சொல்வாய்' என்ற நம்பிக்கை அந்த முகத்தில் இன்னும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான். எனக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரியாது. ஊசியே பிடிக்கத் தெரியாது. பொண்ணு பாக்க வந்தப்போ எங்க அம்மா சும்மா சொன்னாங்க. பொழிச்சலூர்ல எங்க பெரியப்பாகிட்ட அஞ்சு நாள் கத்துக்கிட்டேன். அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அதுவும் பொய்தான்" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பின்னால் யாரோ, "அப்ப அந்த ஆரஞ்சுப் பழம்?" என்றார்.

அத்தை மேசைக்குப் போனார். தன் கனகாம்பரத்தை அந்த அம்மாவின் கையிலிருந்து வாங்கி நிதானமாக மடித்தார்.

"இது மேல் பாதிம்மா. கீழ்ப் பாதி இன்னும் வர்ல. ஒரு மாசம் டைம் குடு" என்றார்.

வீடு வரைக்கும் அத்தை முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். இன்றைக்கே என்னைத் தாம்பரத்துக்குப் பஸ் ஏற்றிவிடுவார் என்று நினைத்தேன். எந்தப் புடவையை எடுத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே பின்பக்கம் போனார். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து என் முன்னால் நீட்டினார்.

"குடி."

குடித்தேன்.

"எப்டி கீது?"

எனக்கு இருந்த ஆத்திரத்திலும் பயத்திலும் மறைக்கத் தோன்றவில்லை. "உப்பா இருக்கு அத்தை. வாடை வேற அடிக்குது."

"பொண்ணு பாக்க வந்தப்போ நான் இன்னா சொன்னேன்?"

"கல்கண்டுன்னு சொன்னீங்க."

"அப்பறம் இன்னா" என்றார் அத்தை. "ஊசிய எடு. கீழ்ப் பாதிக்கு இன்னா பண்லாம் சொல்லு."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு வருஷம் குடம் சுமந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அத்தை அந்தப் பக்கம் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கப் போகவில்லை.

கீழ்ப் பாதிக்கு என்ன செய்வது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியுமே. எனக்கு உண்மையில் தெரிந்த ஒரே வேலை மஃப்ளர். அகலமாக முப்பத்தேழு மஃப்ளர் பின்னி, ஒவ்வொரு ஜாக்கெட்டின் கீழும் சுற்றித் தைப்பது என்று முடிவானது. கைக்கும் ஒரு துண்டு. நூல் பற்றவில்லை. அந்தந்த நிறம் தீர்ந்துபோனதால் ரோஸுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே கனகாம்பரம் என்று கிடைத்ததை வைத்துத் தைத்தோம். பெரியப்பா இந்தத் தடவை வெளிப்படையாகவே வந்து ஹால் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் பெண்கள் அவரிடம் பேசவில்லை. அவர் வேகமாகப் பின்னுவதைப் பார்த்த பிறகு டீ கொடுத்தார்கள். பம்மலில் விமானச் சத்தம் குறைவு என்பதால் எண்ணிக்கை தப்பாமல் அவர் ஒருவரே ஒன்பது மஃப்ளர் முடித்தார்.

மே மாதம் அந்த ஊட்டி அம்மா வந்து பார்த்தார். நிறங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீளத்தை அளந்தார். "சூடா இருக்கும்" என்று மட்டும் சொல்லி மூட்டை கட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நாங்கள் அதை மறந்தே போனோம். அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து போதகர் ஒரு கவரைக் கொண்டு வந்து அத்தை கையில் கொடுத்தார். உள்ளே ஒரு கலர் போட்டோ. வரிசையாகக் கூடாரங்கள், அவற்றுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், கால் புதையப் பனி. நடுவில் ஒரு கனத்த பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கனகாம்பர ஜாக்கெட், கீழே கிளிப் பச்சை மஃப்ளர். கொக்கி எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சாம்பல் நிறத்தில் இருக்க, இவள் மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி இருந்தாள்.

மாதர் சங்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. அத்தையும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, போட்டோவை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"என் அளவு ஜாக்கெட்டு" என்றார். "தோள்ல பாரு, தொளதொளன்னு இல்ல. பிடிக்கவும் இல்ல. இம்மாந் தூரத்துல என் சைஸ்ல ஒருத்தி கீறா. அவளுக்கு வூடு இல்ல பாரேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த பேப்பர் படத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்தவள் இவள்தானா என்று யாருக்கும் தெரியாது. இவள்தான் என்று அத்தை சாகும்வரை சொன்னார்.

அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டினோம். இரண்டு வருஷம் கழித்து, என் நாத்தனாரைப் பெண் பார்க்கக் கீழ்க்கட்டளையிலிருந்து வந்திருந்தார்கள். நாத்தனார் கேசரித் தட்டோடு நின்றாள். பையனின் அம்மா, "பொண்ணுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டார்.

நாத்தனாருக்கு ஒரு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் மறந்துவிட்டு அடுப்பில் பாத்திரத்தைக் கருக்குவாள். அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார்.

"ஸ்வெட்டர்லாம் பின்னும். அண்ணிகாரி கத்துக் குடுத்துச்சு. ஃபாரின்லலாம் போட்டுக்கினு கீறாங்க, பாருங்க."

அவர்கள் எழுந்து போய்ப் போட்டோவைக் கிட்டத்தில் பார்த்தார்கள். நான் சமையலறைக்குப் போய், காலையில் குழாயடியிலிருந்து சுமந்து வந்த குடத்திலிருந்து ஆறு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"குடிங்க. எங்க கிணத்துத் தண்ணிதான். கல்கண்டா இருக்கும்" என்றேன்.

பையனின் அம்மா குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். நான் எடுத்துவரப் போனேன்.